ஆமைக்கு ஏழு கிலோமீட்டர், தோனிக்கு இரண்டு பந்து

2025 மார்ச் 21 வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு சென்னை நீலாங்கரை கடற்கரையில் என் வாரக்கடைசி ஆரம்பித்தது. 23 ஞாயிறு நள்ளிரவு வாக்கில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் மெட்ரோ பிடித்தபோதுதான் முடிந்தது. நடுவில் நான் தூங்கியது கூட்டிக் கழித்தால் பதினோரு மணி நேரம் இருக்கும், அதில் இருபது நிமிடம் தியேட்டரில். வீட்டில் "உனக்கென்ன இருபது வயசா?" என்று கேட்டார்கள். முப்பத்தெட்டு. அதனால்தான் முட்டி இன்னும் வலிக்கிறது.

ஹோட்டலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், மிக்ஸிக்கு எழுதுகிறோம், பிரஷர் குக்கர் கேஸ்கட்டுக்குக்கூட எழுதுகிறார்கள். ஒரு வாரக்கடைசிக்கு எழுதினால் என்ன? ஆமை நடை, ஆர்ப்பாட்டம், சினிமா, கிரிக்கெட் என்று சென்னை ஒரே மூச்சில் என்னவெல்லாம் தருகிறது, அதில் எதற்குப் போகலாம் என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாமே. என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். இந்த நான்கிலும் போனவன் பெரும்பாலான நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கிறான். காக்க வைக்கும்போது அவனை எப்படி நடத்துகிறார்கள், அதற்குத்தான் மார்க்.

முதலில் ஆமை. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்வது, ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. ஜனவரியிலிருந்து மார்ச் கடைசி, ஏப்ரல் வரைக்கும் நம் கடற்கரையில் முட்டையிட வரும். எஸ்.எஸ்.டி.சி.என். என்று சுருக்கமாகச் சொல்லும் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு 1988லிருந்து இந்த சீசனில் ராத்திரி ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும், கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் கூடப் போகலாம். கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பகலில் வகுப்பு, ராத்திரி மணல், அப்புறம் எப்போது தூங்குவார்களோ.

நடை தொடங்குவதற்கு முன்பு உட்கார வைத்து ஒரு பேச்சு உண்டு. போரடிக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், அரை மணி நேரத்துக்கு மேல் போனதே தெரியவில்லை. ஆமைக்குப் பிறப்பிலேயே ஆண் பெண் தீர்மானமாவதில்லையாம், முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது. மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். நம்மூர் மார்ச் வெயிலை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். ஆயிரம் குஞ்சு கடலுக்குள் போனால் வளர்ந்து திரும்பி வருவது ஒன்று, அவ்வளவுதான். அந்த ஒன்று பெண்ணாக இருந்தால், பல வருடம் கழித்து தான் பிறந்த கரையைத் தேடி முட்டையிட வரும். நான் பிறந்த ஆஸ்பத்திரியை இன்றைக்கு என்னால் கண்டுபிடிக்க முடியாது.

பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "இன்னைக்கு ஆமை பாப்போம்னு உத்தரவாதம் கிடையாது. ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்." எனக்குப் பிடித்ததே இதுதான். வாங்கும் முன்பே குறையைச் சொல்லும் கடைக்காரரை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

இரண்டு விதிதான். டார்ச், செல்போன் வெளிச்சம் கூடாது, ஃபோட்டோ ஃபிளாஷ் கூடவே கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, இருட்டில் எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊரும். முன்பெல்லாம் அது கடல். இப்போது ஈ.சி.ஆர். பங்களாக்களின் மொட்டை மாடி விளக்கு. இவ்வளவு சொல்லியும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாலவாக்கம் வருவதற்குள் மூன்று தடவை ஃபோனை எடுத்து வாட்ஸ்அப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் பின்னாலிருந்து ஓடி வந்து, "அண்ணா, லைட் ஆஃப் பண்ணுங்கண்ணா, ப்ளீஸ்" என்றான். மூன்றாவது தடவையும் அதே குரல், அதே பொறுமை. நானாக இருந்தால் ஃபோனைப் பிடுங்கி அலையில் போட்டிருப்பேன்.

முதல் ஒன்றரை கிலோமீட்டரில் நாங்கள் பார்த்தது செத்த ஆமை. ஓடு மட்டும் ஒரு தாம்பாளத்தைவிடப் பெரிது, கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. நின்றோம். அளந்து குறித்துக்கொண்டார்கள். யாரும் பேசவில்லை. அந்த வருடம் ஜனவரியிலேயே சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின, தமிழகக் கடற்கரை முழுக்க எண்ணினால் ஆயிரத்துக்கும் மேல். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆமைக்கு நுரையீரல், நம்மைப் போலத்தான், அவ்வப்போது மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாது, தண்ணீரில் மூழ்கியே சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆமை தப்பித்துப் போக வலையிலேயே கதவு மாதிரி ஒரு கருவி வைக்கலாம் என்றும் ஏற்பாடு இருக்கிறது. இருந்தும் இது இங்கே கிடக்கிறது. கட்டுமரக்காரரையும் ஃபைபர் படகுக்காரரையும் திட்ட வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் அழுத்திச் சொன்னார்கள், அவர்கள் வலையில் பெரும்பாலும் இப்படி ஆவதில்லையாம்.

கொட்டிவாக்கம் தாண்டி, மணி இரண்டுக்கு மேல் இருக்கும், முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மணலில் டிராக்டர் டயர் ஓடின மாதிரி ஒரு தடம், அலையிலிருந்து மேலேறி, ஒரு வளைவு வளைந்து, மறுபடி அலைக்கே போயிருந்தது. அம்மா வந்து, முட்டையிட்டு, மூடி, போயேவிட்டாள். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். என் பக்கத்தில் ஒரு ஐ.டி. பெண், "பேச்சை சீக்கிரம் முடிச்சிருக்கலாம்ல" என்று முணுமுணுத்தாள். எனக்கும் அதே நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததற்கு இன்னொரு ஏழு கிலோமீட்டர் நடக்கலாம். ஒரு பையன் கையில் குச்சியை வைத்துக்கொண்டு மணலைக் குத்திக் குத்திப் பார்த்தான், எங்கே குச்சி லேசாக இறங்குகிறதோ அங்கே குழி. குச்சியை ஓரம் வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டினான், தோள் வரைக்கும் கை உள்ளே போயிற்று. ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடி அகன்று, ஒரு பானை மாதிரி. இருட்டில் பின்னங்காலால் ஒரு ஆமை இதைச் செய்திருக்கிறது. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள். பிங்பாங் பந்து அளவுதான், ஆனால் ஓடு கெட்டியில்லை, தோல் மாதிரி அமுங்கும். எனக்கும் ஒன்றைக் கையில் தந்தான். உருட்டக் கூடாது, இருந்தபடியே வாங்கி இருந்தபடியே வைக்க வேண்டும். மொத்தம் 118. பெசன்ட் நகரில் வேலி போட்ட பொரிப்பகம் இருக்கிறது, அங்கே அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டி மறுபடி புதைத்தார்கள். நாயும் காக்கையும் ஆளும் எட்டாத இடம். நாற்பத்தைந்து நாளிலிருந்து ஐம்பது நாளில் பொரியும்.

முடியும்போது விடிய ஆரம்பித்துவிட்டது. பாதி பேர் எலியட்ஸ் பீச்சில் மணலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள். பத்துக்கு ஒன்பதரை. அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், கழிப்பறைக்கு வழியில்லை, பெண்களுக்கு அது பெரிய விஷயம், முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று, முழுக்கால் சட்டை, இருட்டான நிறத்தில் துணி, கழற்றிக் கையில் பிடிக்கத் தோதான செருப்பு. எட்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள், மார்ச் ஏப்ரலில் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பெசன்ட் நகரில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள், அதற்குப் போங்கள்.

சரி, சனிக்கிழமை. அன்றைக்கு நகரம் முழுக்கவே அரசியல் நாள். தொகுதி மறுவரையறைக்கு எதிராக முதல்வர் ஸ்டாலின் கூட்டிய கூட்டத்துக்குக் கேரளா, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் வந்திருந்தார்கள். அதை எதிர்த்து பா.ஜ.க.வினர் தங்கள் வீட்டு வாசலில் கறுப்புக் கொடி. நான் போனது இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு சின்ன ஆர்ப்பாட்டம். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்கள், பணி நிரந்தரம் கேட்டு. கடற்கரையில் ராத்திரி காலில் குத்தாமல் நடந்ததே இவர்கள் தினமும் பாட்டில் பொறுக்குவதால்தான், அந்த நன்றிக்காவது போக வேண்டும் என்று தோன்றியது.

போராட்டத்துக்கு மார்க் போடுவது அசிங்கம், போட மாட்டேன். ஆனால் போராட ஒதுக்கும் இடத்துக்குத் தாராளமாகப் போடலாம். 2017 ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஜனவரி 17லிருந்து 23 வரைக்கும் மக்கள் உட்கார்ந்ததற்கப்புறம் மெரினாவில் யாருக்கும் அனுமதி கிடையாது. சேப்பாக்கம், வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் என்று சில இடங்கள்தான். அதற்கும் ஐந்து நாள் முன்னால் கமிஷனர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சென்னை மாநகரக் காவல் சட்டம், 1888, பிரிவு 41. விக்டோரியா மகாராணி காலத்து வரிசையில் இன்றைக்கும் நிற்கிறோம்.

நான் நின்ற இடம் எது என்று சொல்லவில்லை, எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நிழல் இல்லை. ஷாமியானா போட விடவில்லை. கூட்டத்தில் முக்கால்வாசி பெண்கள், பக்கத்தில் கழிப்பறை இல்லை. மைக் ஒன்று, அதிலும் ஒயர் விட்டு விட்டு வேலை செய்தது. பேரிகேடுக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர்களுக்கு மட்டும் மரத்தடி. பாவம், அவர்களும் மனிதர்கள்தான், அதில் ஒரு பெண் போலீஸ் யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். இடத்துக்குப் பத்துக்கு இரண்டு, அந்த இரண்டும் நாற்காலிக்கு.

ஆனால் அங்கே காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் நடத்திய விதத்துக்கு மார்க்கே போதாது. நான் தூக்கக் கலக்கத்தில் தள்ளாடுவதைப் பார்த்து ஒரு அக்கா, "இன்னாப்பா, நைட்டு தூங்கலையா? உக்காரு, உக்காரு. தண்ணி குடி" என்று தன் கூஜாவை நீட்டினார். ஆமை முட்டை எடுக்கப் போனேன் என்றதும் சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "ஆமை பூந்த வூடு வெளங்காதுன்னுவாங்க, நீ அத்த தேடிக்கினு போனியா?" அவர் பதினாலு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார். ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் மாறும்போதும் புது அட்டை, புது சட்டை, அதே துடைப்பம். கோஷம் போடும்போது அவர் குரல் எல்லோரையும்விட மேலே போனது, முடிந்ததும் என் பக்கம் திரும்பிச் சாதாரணமாக, "இட்லி துன்னுறியா?" என்றார். தின்றேன்.

கைது ஆகும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்கள். கைது என்றால் இங்கே தெரியுமே, பஸ்ஸில் ஏற்றி ஏதாவது சமுதாயக் கூடத்தில் வைத்து மத்தியானம் சாம்பார் சாதம் தந்து சாயங்காலம் விடுவது. அன்றைக்கு அதுவும் இல்லை, ஒரு மணிக்கு நேரம் முடிந்தது என்று கலைத்துவிட்டார்கள். மனு வாங்க ஒரு அதிகாரி வருவார் என்றார்கள், நான் கிளம்பும் வரைக்கும் வரவில்லை.

சினிமாவைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், அதற்கு அவ்வளவுதான் மரியாதை. ஏ.சி.யில் உட்காரலாம் என்றுதான் மத்தியானக் காட்சிக்குப் போனேன், ஒரு மாலில் இருக்கும் தியேட்டர். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசின் உச்சவரம்பு இருப்பதால் இருநூறுக்குள் முடிந்தது, மும்பையில் பெங்களூரில் இருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டாலே வயிறு எரிவார்கள். பாப்கார்னுக்கு உச்சவரம்பு இல்லை, அது டிக்கெட்டைவிட அதிகம். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்ணீர் எங்கே என்று கேட்டேன். கழிப்பறைக்குப் பின்னால் ஒரு மூலையைக் காட்டினார்கள், குழாய் இருந்தது, டம்ளர் இல்லை. கையேந்திக் குடித்தேன்.

அப்புறம் விளம்பரம். காட்சி 2.30 என்று டிக்கெட்டில் இருக்கிறது, படம் ஆரம்பித்தது 2.52க்கு. அந்தப் பிப்ரவரியில்தான் பெங்களூரில் ஒருவர், 25 நிமிடம் விளம்பரம் போட்டு என் நேரத்தை வீணடித்தார்கள் என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போய் நஷ்டஈடு உத்தரவே வாங்கினார். மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்துவிட்டது, இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. ஆமை வராமல் போகலாம் என்று முன்கூட்டியே சொன்ன பிள்ளைகளையும், 2.30 என்று அச்சடித்துவிட்டுத் தங்க நகை விளம்பரம் நான்கு போட்டவர்களையும் ஒரே நாளில் பார்த்ததால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. படம் எப்படி என்று கேட்காதீர்கள். இடைவேளைக்கு முன்னால் இருபது நிமிடம் தூங்கிவிட்டேன், அதற்குப் படத்தைக் குறை சொல்ல முடியாது. நாற்காலி நன்றாக இருந்தது. பத்துக்கு நான்கு.

ஞாயிறு சேப்பாக்கம் மைதானம். ஐ.பி.எல்., சி.எஸ்.கே.வும் மும்பையும். டிக்கெட் விற்பனையில்தான் முதல் காத்திருப்பு. புதன்கிழமை காலை இணையதளத்தில் நுழைந்தால் எனக்கு முன்னால் வரிசையில் லட்சத்துக்கும் மேல் ஆள் என்று காட்டியது. மைதானத்தில் உட்கார இடம் நாற்பதாயிரத்துக்குள். அந்தக் கணக்கு தெரிந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அந்த மனநிலைக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. முன்பு வாலாஜா சாலையில் ராத்திரி முழுக்கப் படுத்து வரிசையில் நின்று வாங்குவோம், போலீஸ் தடி உண்டு, கொசு உண்டு, ஆனால் முன்னால் எத்தனை பேர் என்று கண்ணால் பார்க்கலாம். கடைசியில் ஆபீஸ் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஊருக்குப் போனதால் அவருடைய டிக்கெட் எனக்கு வந்தது, 1,700 ரூபாய், அதுதான் இருப்பதிலேயே குறைந்த விலை. அந்த அக்காவின் எத்தனை நாள் கூலி என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

மைதானத்தைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் இந்தியாவை 12 ரன்னில் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் இது, என் மாமா அதில் ஒருவர், இன்றைக்கு வரைக்கும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அதைச் சொல்லுவார். சாயங்காலம் கடல் காற்று உள்ளே வரும்போது மேல் சட்டை ஈரம் காய்ந்து ஒரு நிமிடம் குளிரும் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்கே முந்நூறு ரூபாய் தரலாம்.

ஆட்டம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்ம கலீல் முதல் ஓவரிலேயே மும்பையின் ரோகித்தை டக்கில் எடுத்தார். நூர் அகமது 18 ரன் கொடுத்து நான்கு விக்கெட், அதில் சூர்யகுமாரை தோனி ஸ்டம்பிங் செய்தது எங்கள் பக்கம் இருந்த யாருக்கும் தெரியவேயில்லை, பெயில்ஸ் விழுந்து விளக்கெரிந்ததும்தான் கத்தினோம். மும்பை 155. நம்ம ருதுராஜ் 26 பந்தில் 53 அடித்தார். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் மும்பை அணியில் விக்னேஷ் புத்தூர் என்று ஒரு மலப்புரத்துப் பையன், கேரள சீனியர் அணிக்குக்கூட ஆடாதவர், முதல் ஆட்டத்திலேயே மூன்று விக்கெட் எடுத்து வயிற்றில் புளியைக் கரைத்தார்.

இனி சொல்லப் போவதுதான் விஷயம். 19வது ஓவரில் ஜடேஜா ரன் அவுட். நம்ம ஆள் அவுட். மைதானமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது! ஜடேஜா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறார், அவரைக் கடந்து தோனி உள்ளே வருகிறார், முப்பத்தைந்தாயிரம் ஃபோன் டார்ச் எரிகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே ஒரு ஃபோன் வெளிச்சத்துக்கு மூன்று தடவை ஓடி வந்த பையன் இங்கே இருந்தால் என்ன செய்திருப்பான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன், பக்கத்து ஸீட்காரர் என்னை மும்பை ரசிகன் என்று நினைத்து முறைத்தார். தோனி இரண்டு பந்து ஆடினார். ரன் இல்லை. அடுத்த ஓவர் முதல் பந்தில் ரச்சின் சிக்ஸர், ஆட்டம் முடிந்தது. இரண்டு பந்துக்காக 1,700 ரூபாய் கொடுத்தவர்கள் முகத்தில் ஏமாற்றமே இல்லை, "பாத்துட்டேன்டா" என்று அழுகிறார் ஒருவர். 65 அடித்து ஜெயிக்க வைத்த ரச்சினுக்காக எங்கள் வரிசையில் யாரும் அழவில்லை.

பத்துக்கு ஏழரை. அன்றைக்கு மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாக இருந்தது, அதற்குத் தனியாக ஒரு அரை மார்க், ஆக எட்டு. காரில் போகாதீர்கள், தயவுசெய்து.

அந்தப் பொரிப்பகத்தில் எங்கள் குழிக்கு ஒரு குச்சி நட்டு, தேதியும் 118 என்ற எண்ணும் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் மே முதல் வாரம் அல்லது இரண்டாவது வாரம். எந்த நாள் என்று அவர்களுக்கே தெரியாதாம், சாயங்காலம் வந்து பாருங்கள் என்றார்கள். அந்த அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன், "ஆமை குஞ்சு பொரிச்சா போன் போடு, பேரனைக் கூட்டினு வரேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டார்.